லைற் பாரும் எதிரில வாறவரும்

பிக்கப்புக்கு லைற் பார் பூட்டுறதா வேண்டாமா என்று எங்களுக்குள் நடந்த சண்டை இரண்டு மாதம் நீண்டது. ஒன்றரை அடி நீளமான ஒரு எல்.ஈ.டி. விளக்குக்கு இவ்வளவு கதையா என்று கேட்பீர்கள். மடத்துவெளியில் இருந்து இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒருக்கால் யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வாருங்கள், பிறகு கதைப்பம்.

வண்டி, எங்களில் ஒருவனின் பெரியப்பா கனடா போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய டீசல் ஹைலக்ஸ். விற்றிருக்கலாம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு கறள் கட்டின பிக்கப்புக்கும் காணி விலை சொன்னார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஆனால் பெரியப்பா போனில், "வித்துப்போட்டு அந்தக் காசுக்கு என்னத்தையடா வாங்கப் போறியள்? கிடக்கட்டும், ஊருக்கு ஓடட்டும்" என்றார். ஓடுது. புங்குடுதீவில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில் வரும். வராத நாளில் எங்கட பிக்கப்பின் முதுகில் 1000 லீற்றர் தாங்கியில் போகும். திருவிழா வந்தால் மடத்துவெளி முருகனுக்கும் மற்றக் கோயில்களுக்கும் கதிரை, பந்தல் தடி, அன்னதானக் கிடாரம். விடியப்புறம் நண்டும் மீனும். சில இரவுகளில் நெஞ்சுநோ, வயிற்றுக்குத்து என்று யாரையாவது பக்கத்துச் சீற்றில் இருத்திக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு.

பெரியாஸ்பத்திரி முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. வாணர் பாலத்தால் வேலணைக்கு ஏறி, வங்களாவடிச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, கடைசியாகப் பண்ணைப் பாலம். வாணர் பாலம் என்று சொன்னாலும் அது ஆழமில்லாத கடலுக்குள் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்தின நீளமான தாம்போதி. வள்ளத்தில் ஏறி வேலணைக்குப் போய்வந்த சனத்துக்கு ஒரு தெரு வேணும் என்று பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயர்தான் அதுக்கு. இரண்டு பக்கமும் தண்ணீர். எதிரில ஒரு வாகனம் வந்தால் விலத்துறதுக்குப் பெரிய இடமில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விசயத்தைச் சுற்றித்தான்.

இரவில் அந்தத் தெருவில் என்னென்ன இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். முதலாவது கட்டாக்காலி மாடுகள். பகல் முழுக்க வெயில் குடித்த தார் இரவில் சூடு விடும். மார்கழிப் பனியில் மாட்டுக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. கறுத்த மாடு, கறுத்த தார். இரண்டாவது, பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற லாண்ட்மாஸ்டர். மூன்றாவது, சைக்கிள். நாலாவது, கடலுக்குப் போய்விட்டு வலையைத் தோளில் போட்டபடி நடந்து வருகிற ஆக்கள். பிறகு, நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறுகிற ஆனி மாதத்திலும், தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு யாத்திரை வருகிற நாட்களிலும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு விரைகிற பஸ்கள். அவற்றின் முகத்தில் நீலம், பச்சை, ஊதா என்று எரிகிற விளக்குகளைத் தூரத்தில் பார்த்தால் கடலில் திருவிழா வருகிற மாதிரி இருக்கும். கிட்ட வந்தால் ஒன்றும் தெரியாது.

தெருவோரம் பல இடத்தில் ஆளில்லாத வளவுகள். 1991இல் இராணுவம் தீவுகளைப் பிடித்த காலத்தில் வெளிக்கிட்ட சனத்தில் கன பேர் திரும்பவில்லை. வடலி வளர்ந்து வேலியைத் தாண்டி வந்துவிட்டது. வீட்டு வெளிச்சம் தெருவில் விழுந்தால் அதுவே ஒரு துணை. இங்கே அந்தத் துணை அரை மைலுக்கு ஒருக்கால்தான்.

இனி விளக்கு. எங்கட வண்டியின் முன் லைற்றில் இருப்பது எச்4 பல்பு, 60/55 வாற்ஸ். கணக்குப்படி ஹை பீமில் ஒரு பல்பு 1650 லூமன் தர வேணும், டிம்மில் 1000. ஆனால் எங்கட வண்டி டிம்மில் போட்டால் சிமினி விளக்குப் பிடித்த மாதிரித்தான் இருந்தது. லைற் பார் வாங்கிற கதை தொடங்கினவுடன் வேலணையில் வயறிங் வேலை செய்கிற அண்ணையிடம் கொண்டு போனோம். அவர் மீற்றரை எடுத்து பற்றரியில் பிடித்தார்: எஞ்சின் ஓடும்போது 13.6 வோல்ற். பல்பின் காலில் பிடித்தார்: 11.9.

"பாத்தியளோ? மிச்சம் வயருக்குள்ள சூடாப் போகுது. முப்பது வருசத்து வயர், சுவிற்சுக்குள்ள கறள். இதைத் திருத்தாமல் முன்னால என்னத்தைப் பூட்டப் போறியள்?"

ஹலோஜன் பல்பின் குணம் அப்படி. வோல்ற் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் கன மடங்கு குறையும். பத்து வீத வோல்ற் போனால் வெளிச்சத்தில் முப்பது வீதத்துக்குக் கிட்டப் போய்விடும். எங்களுக்குப் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டு ரிலே போட்டு, பற்றரியில் இருந்து நேரே தடித்த வயர் இழுத்து, முன் கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்தவுடன் பழைய வண்டிக்குக் கண் வைத்தியம் செய்த மாதிரி இருந்தது. லைற் பாருக்கு ஆசைப்படுகிற எவருக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். சில பேருக்கு இதோடு ஆசை தீர்ந்தும் விடும்.

எங்களுக்குத் தீரவில்லை. ஏனென்றால் எங்கட கூட்டத்தில் இருந்து மெல்பேர்ன் போன தம்பி ஒருவன், தன் பிக்கப்பின் பம்பருக்குள் பூட்டின லைற் பாரைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தான். அங்கே கங்காரு குறுக்கே பாயும், இங்கே மாடு குறுக்கே படுக்கும், நியாயம் ஒன்றுதான் என்பது அவன் கட்சி. வண்டி ஓட்டுகிற மூன்று பேரும் அவன் பக்கம்.

நாங்கள் ஏழு பேர். வண்டி ஓட்டுகிறவர் மூன்று பேர் என்றால் மிச்ச நாலு பேரும் அதே பாலத்தில் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ போய் வருகிறவர்கள். அதில் அக்கா ஒருவர் வேலணையில் வேலை முடித்து, பொழுதுபட்ட பிறகு தனிய ஸ்கூட்டியில் வருகிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்கள் பின்னால இருந்து பாக்கிறியள். நான்தானேயடா முன்னால வாறது?"

இந்தக் கேள்விக்குப் பிறகு கதை வேறு மாதிரிப் போனது. லைற் பார் பற்றி இணையத்தில் நாங்கள் பார்த்த படங்கள் எல்லாமே ஓட்டுகிறவரின் சீற்றில் இருந்து எடுத்தவை. பூட்ட முதல் இருட்டு, பூட்டின பிறகு பட்டப்பகல். எதிரில நின்று எடுத்த படம் ஒன்றுகூட எங்கட கண்ணில் படவில்லை.

பக்கத்து வளவு ஐயாவும் வேண்டாம் கட்சிதான், ஆனால் அவருக்குக் காரணம் வேறு. அவர் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஒஸ்ரின் கார் ஓடினவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் இல்லை. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவது. முன் லைற்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டி விட்டிருப்பாராம். மேலே ஹெலி சத்தம் கேட்டால் அதையும் அணைத்துவிட்டு நிலா வெளிச்சத்தில் போவது.

"வெளிச்சம் எண்டால் நாங்கள் பாக்கிறதுக்கு எண்டு நீங்கள் நினைக்கிறியள், தம்பியவை. எங்களுக்கு அது மற்றவன் எங்களைப் பாக்கிற சாமான்."

வீட்டுக்குள் ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கு. சைக்கிள் டைனமோவுக்கு வெளிச்சம் தருகிற வேலை போய், செய்தி தருகிற வேலை வந்தது. பற்றரி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். எங்களில் ஒருவரும் அப்ப பிறக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டினபோது கொழும்பில் இருந்து அழுத நண்பர்களுக்கு எங்கட அம்மாமார் சிரித்ததுதான் ஞாபகம்.

பக்கத்துத் தீவுகளின் கரண்டுக்குப் பெரிய நாடுகள் இழுபறிப்பட்டதையும் இங்கே ஒரு வரி சொல்லாமல் விட ஏலாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரியவொளி, காற்றாலை மின்சாரம் போட 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த வருசம் முடிய முதல் சீனா கையை எடுத்தது. 2022 மார்ச்சில் அதே வேலைக்கு இந்தியா கையெழுத்துப் போட்டது. வாணர் பாலத்து மாட்டுக்கு ஆர் பொறுப்பு என்று மட்டும் இன்னும் எந்த நாடும் சண்டை பிடிக்கவில்லை.

சரி, பாருக்கு வருவம். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் இருபது அங்குல நீளமான பார் ஒன்றை வாங்கி வந்து பார்த்தோம். பெட்டியில் 120 வாற்ஸ், 12,000 லூமன் என்று எழுதியிருந்தது. பற்றரியில் நேரே கொடுத்து மீற்றரைப் பிடித்தால் 13.6 வோல்றில் 5 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 68 வாற்ஸ். மலிவான எல்.ஈ.டி.க்கு ஒரு வாற்ஸுக்கு நூறு லூமன் என்று தாராளமாக வைத்தாலும் ஏழாயிரத்தைத் தாண்டாது. பெட்டியில் எழுதின இலக்கத்தைக் கவிதை மாதிரி வாசிக்க வேணும். ஆனாலும் அந்த ஏழாயிரம், எங்கட இரண்டு பல்பும் ஹை பீமில் சேர்ந்து தருகிறதுக்கு இரண்டு மடங்கு.

இந்த வெள்ளை வெளிச்சம் உண்மையில் நீலம். நீல எல்.ஈ.டி.க்கு மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்த நீலத்தை ஒழுங்காக எரிய வைத்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014இல் பௌதிக நோபல் பரிசு. சிவப்பும் பச்சையும் அதுக்கு முதலே இருந்தன. இன்றைக்கு ரோச் லைற்றில் இருந்து கடலில் மீனைக் கூட்டுகிற விளக்கு வரை எல்லாம் அந்த நீலத்தின் பிள்ளைகள். மலிவாக வந்தது நல்லது. மலிவாக வந்ததால் ஆரும் எங்கேயும் பூட்டலாம் என்று ஆனதுதான் பிரச்சினை.

சண்டையைத் தீர்க்க அக்காதான் வழி சொன்னார். பூட்ட முதல் ஒவ்வொருத்தரும் அதுக்கு முன்னால் ஒருக்கால் நிற்க வேணும், பிறகு முடிவெடுப்பம். ஊருக்கு வெளியில் வெறுவெளியான இடத்தில், அமாவாசைக்குக் கிட்டின ஒரு இரவு, பாரைப் பம்பரில் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு ஐம்பது மீற்றர் தள்ளி வரிசையில் நின்றோம். நிலத்தில் தெரியாமல் ஒரு அரைக் கல்லையும் வைத்தோம். வேலை இதுதான்: பார் மூன்று செக்கன் எரிந்து அணைந்த பிறகு, எத்தனை செக்கனில் கல்லைக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இருபது வயதுக்காரர் ஐந்தாறு செக்கனில் கண்டோம். வேடிக்கை பார்க்க வந்த ஐயாவுக்கு இருபது செக்கனுக்கும் மேல். அவருக்கு ஒரு கண்ணில் கற்றாக்ற் இருக்குது. கண்வில்லை மங்கினால் வெளிச்சம் உள்ளுக்குப் போய்ச் சிதறி, முழுப் பார்வையிலும் புகார் பிடித்த மாதிரி ஆகிவிடும். இருட்டுக்குப் பழகின கண் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்ப அரை மணித்தியாலம்கூட எடுக்கும். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஸ்கூட்டி ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடும். ஐந்து செக்கன் என்றால் 55 மீற்றர், இரண்டு பக்கமும் தண்ணீர் உள்ள தாம்போதியில் கண் தெரியாமல். இந்தக் கணக்கை அக்கா நிலத்தில் தடியால் எழுதினார். வண்டி ஓட்டுகிற மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சுமை ஏற்றிப் பார்த்தோம். எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது இதுதான். 1000 லீற்றர் தண்ணீர் என்றால் ஒரு தொன். பின் வில்லு அமர, வண்டியின் மூக்கு மேலே எழும்பும். ஒரே ஒரு பாகை எழும்பினாலும் ஐம்பது மீற்றர் தூரத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட 87 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். தெருவில் விழ வேண்டிய டிம் லைற் நேரே எதிரில வாறவரின் முகத்தில். பார் என்ன, பல்புக்கும் அதே கதிதான். தண்ணீர் ஏற்றின பிக்கப், சீமெந்து ஏற்றின கன்ரர் எல்லாம் டிம் பண்ணியும் கண்ணைக் கூச வைக்கிறது ஏன் என்று இப்பதான் விளங்கியது. எதிரில நிற்கிறவர் "டிம் பண்ணுடா" என்று கத்துவார், ஓட்டுகிறவர் "டிம்மிலதானேயடா வாறன்" என்று கத்துவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

அந்த இரவோடு ஒரு உடன்பாடு வந்தது. பார் பூட்டலாம், ஆனால் டிம் பண்ணினவுடன் அது தானாக அணைய வேணும். ஓட்டுகிறவரின் நல்ல மனத்தை நம்பித் தனிச் சுவிற்ச் வைக்கக் கூடாது. மெல்பேர்ன் தம்பியிடம் கேட்டால், "அண்ணை, இங்க சட்டமே அப்பிடித்தான், ஹை பீமோட மட்டும்தான் எரியலாம்" என்றான். இரண்டு மாதமாகப் படம் அனுப்பினவன் இதை முதலே சொல்லியிருக்கலாம்.

வயறிங் அண்ணை செய்த வேலையை விவரமாகச் சொல்ல வேணும், ஏனென்றால் யூரியூப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் மாட்டுப்படுகிற இடம் இது. ரிலேயில் நாலு கால். 30க்குப் பற்றரியில் இருந்து 15 அம்பியர் பியூஸ் வழியாகக் கரண்ட். பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்க வேணும், தூரத்தில் வைத்தால் இடையில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். 87 பாருக்குப் போகும். 85, 86 இரண்டும் ரிலேயை இழுக்கிற சுருளின் கால்கள். வழமையாக ஒன்றை ஹை பீம் வயரிலும் மற்றதை எர்த்திலும் கொடுக்கச் சொல்வார்கள்.

அண்ணை அப்படிக் கொடுக்கவில்லை. முதலில் ரெஸ்ற் லாம்பை எடுத்து ஹை பீம் வயரில் வைத்துப் பார்த்தார். டிம்மில் அந்த வயரில் கரண்ட் இருக்குது, ஹை பீம் போட்டவுடன் இல்லை. நாங்கள் முழித்தோம். பல ஜப்பான் வண்டிகளில் பல்புக்குப் பொசிற்றிவ் எப்பவும் வந்துகொண்டிருக்கும், சுவிற்ச் போடுவது எர்த் பக்கத்தை. அப்படியான வண்டியில் வழமைப்படி வயரைக் கொடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்: ஹை பீமில் பார் அணையும், எதிரில ஆள் வருகுது என்று டிம் பண்ணினவுடன் பார் எரியும்! ஆளைக் கண்டவுடன் அவர் கண்ணில் அடிக்கிற விளக்கு. அண்ணை சுருளின் ஒரு காலைப் பல்பின் பொசிற்றிவிலும், மற்றதை ஹை பீம் வயரிலும் கொடுத்து, இடையில் டாஷ்போட்டில் ஒரு சுவிற்சையும் வைத்தார். இப்ப சுவிற்சும் போட்டு, ஹை பீமும் போட்டால்தான் பார் எரியும். டிம் பண்ணினால் இரண்டும் ஒன்றாக அணையும்.

கூரையில் பூட்டாமல் பம்பரில் பூட்டினதுக்கும் காரணம் உண்டு. கூரையில் இருந்தால் பொனற்றில் வெளிச்சம் பட்டு ஓட்டுகிறவருக்கே கண் கூசும், தண்ணித் தாங்கி கட்டுகிற கயிறும் மாட்டும். பம்பரில் பதிவாக இருந்தால் வெளிச்சம் நிலத்தோடு போகும். கிடங்கின் விளிம்பில் நீளமான நிழல் விழும். பதிவான விளக்குத்தான் கிடங்கைக் காட்டும். எங்கட பம்பர் பழைய இரும்பு. நடுவில் ஏற்கெனவே காற்றுப் போக நீளமான வாய் இருந்ததால் பெரிதாக வெட்டவில்லை. ரேடியேற்றருக்குக் காற்று மறிக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டோம். நம்பர் பிளேற்றை மறைக்கவில்லை. பாரை ஒரு பாகைக்கும் கூடவே கீழே சரித்துத்தான் இறுக்கினோம். சுமை இல்லாத நாளில் அது மாட்டுக் காலுக்கு முன்னால் நிலத்தில் விழும். சுமையோடு போகிற நாளில் நேராகும்.

இனிக் கடல் காற்று. தீவில் எந்தச் சாமானுக்கும் ஆயுள் எழுதுவது உவர்தான். பாரின் உடம்பு அலுமினியம், பெட்டியோடு வந்த நட் போல்ற் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், பம்பர் இரும்பு. மூன்று உலோகமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்ன பற்றரி. அலுமினியம் கரைந்து வெள்ளை மாவாக உதிரும். சோளகம் தொடங்கினால் வாணர் பாலத்தில் அலைத் துமி வண்டியில் அடிக்கும், அதனால் எங்களுக்கு இது கதையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் வைத்தோம், நைலோன் வாசர் போட்டோம், எர்த் வயர் பூட்டின இடத்தில் கிறீஸ் பூசினோம். ஐபி 67 என்று எழுதியிருந்தாலும் வயர் வெளியே வருகிற ஓட்டையில் சிலிக்கன் வைத்தோம். பெட்டியின் கவிதையை ஒருக்கால் வாசித்தது போதும்.

பொலிஸ் மறிக்காதா என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் வாகனங்களில் கூடுதலாகப் பூட்டினவற்றைக் கழற்றச் சொல்லி நாடு முழுக்க நடவடிக்கை தொடங்கியபோது பஸ், ஓட்டோக்காரர் கொதித்தெழுந்து, பிறகு அவகாசம் கொடுத்தார்கள். அந்தச் சத்தத்தில் எங்கட பக்கமும் சில லொறிகளின் கலர் விளக்குகள் காணாமல் போயின. எங்களுக்கு அதில் கவலை இல்லை. பட்டணத்துக்குள் போகும்போது பாருக்கு மேல் தடித்த றெக்சீன் உறை போட்டுக் கட்டுவம்; பண்ணைப் பாலத்துக்கு அங்கால் தெருவிளக்கு இருக்குது, அது தேவையும் இல்லை. ஒரு நாள் ஆரும் அதிகாரி கழற்றச் சொன்னால் இரண்டு போல்ற்தான், கழற்றிவிடலாம். கழற்றும் முன் அவரையும் ஐம்பது மீற்றரில் நிற்கவைத்து டிம் பண்ணிக் காட்ட வேணும் என்று அக்காவுக்கு ஆசை.

பூட்டி ஒரு மாரியும் ஒரு சோளகமும் போய்விட்டது. மாடு தூரத்திலேயே தெரியுது, அதில் பொய் சொல்ல ஏலாது. ஆனால் பாலத்தில் எதிரில வெளிச்சம் கண்டால் டிம். அந்த நேரத்தில் எங்களுக்கு முன்னால் பழைய இருட்டுத்தான். எதிரில வாறவர் நிறைய உள்ள தெருவில் லைற் பார் எரிகிற நேரம் சொற்பம். அதனால் ஓட்டுகிற மூன்று பேரும் இப்ப பாலத்தில் முப்பதைத் தாண்டுவதில்லை. ஐயா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப லைற்றைப் பூட்டாமலே முப்பதில போயிருக்கலாமே" என்றார். அதுக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஊருக்குள் ஆள் நடமாட்டமில்லாத குச்சொழுங்கைகளில் பாம்பு, கிடங்கு, விழுந்து கிடக்கிற காவோலை எல்லாம் பார்த்துப் போகலாம் என்று ஏதோ சொன்னோம்.

பாரில் மிஞ்சின காசுக்குச் சிவப்பும் வெள்ளையுமான ஒளிதெறிக்கிற நாடா இரண்டு றோல் வாங்கினோம். இதுக்குக் கரண்டும் வேண்டாம், ரிலேயும் வேண்டாம். டிம் லைற் பட்டாலே நூறு மீற்றருக்கு அங்கால் இருந்து மின்னும். சைக்கிள் மட்காட், மீன் பெட்டி, லாண்ட்மாஸ்டரின் பின் பலகை என்று கண்ட இடமெல்லாம் ஒட்டுகிறோம். மறிக்கிற ஆக்களும் உண்டு. "என்ர பெட்டி என்ன கல்யாண வீடே?" என்று கேட்ட மாமா ஒருவருக்கு அக்கா, ஒட்டின பெட்டியையும் ஒட்டாத பெட்டியையும் இரவில் பக்கத்தில் நிறுத்தி வண்டி லைற்றைப் போட்டுக் காட்டினார். அடுத்த நாள் அவரே இன்னும் இரண்டு துண்டு கேட்டு வந்தார்.

சிவப்பு றோல் முடிந்துவிட்டது. அடுத்த முறை பட்டணம் போகிறவர் வாங்கி வர வேணும். இந்தியாவில் சில இடங்களில் மாட்டுக் கொம்புக்கும் கழுத்துக்கும் இப்படிப் பட்டி கட்டுகிறார்களாம். கட்டாக்காலி மாட்டைப் பிடிக்கிறது ஆர், கட்டுகிறது ஆர், "என்ர மாட்டைத் தொட்டது ஆர்" என்று அடுத்த நாள் விடிய வருகிற சொந்தக்காரருக்குப் பதில் சொல்கிறது ஆர் என்ற சண்டை எங்களுக்குள் இப்பதான் தொடங்கியிருக்குது.